அப்பா நேராக்கிய எழுத்துகள்

கோத்ரெஜ் டைப்ரைட்டர் அழகான பொருள் இல்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அப்பா அதை விக்ரோலி ஃபேக்டரியில் பூட்டியவர். நான் அதில் தட்டிச் சம்பளம் வாங்கியவள். சாம்பலா பச்சையா என்று தீர்மானிக்க முடியாத நிறம். அகன்ற தோள். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாற்றப் பியூனைக் கூப்பிட வேண்டும். இத்தாலியில் 1969-ல் ஒலிவெட்டி கம்பெனிக்காக எட்டோரே சொட்சாஸும் பெர்ரி கிங்கும் 'வாலன்டைன்' என்று ஒரு மிஷின் வடிவமைத்தார்கள். மிளகாய்ப்பழச் சிவப்பில் பிளாஸ்டிக் உடம்பு, அதுவே கைப்பிடியோடு பெட்டியும் ஆகிவிடும். அதை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆபீஸைத் தவிர எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று நினைத்துச் செய்த மிஷின் அது. எங்களுடையது ஆபீஸுக்கென்றே பிறந்தது. தாலுகா கச்சேரி, கோர்ட்டு, எல்.ஐ.சி., துறைமுகம். ஒரு மேஜையில் உட்கார்ந்தால் அங்கேயே ரிட்டயர் ஆகும்.

அக்கா மகளுக்குப் பழைய பொருள்கள் என்றால் உயிர். ஹெச்.எம்.டி. கைக்கடிகாரம், கேம்பா கோலா பாட்டில், சேதக் ஸ்கூட்டர் விளம்பரம் என்று தினம் என் போனுக்கு ஏதாவது வந்து விழும். பாதி அவள் பிறப்பதற்கு முன்னாலேயே ஓய்ந்துபோனவை. பார்க்காததற்கு எப்படி ஏங்குகிறாள் என்று எனக்கு விளங்குவதில்லை. ஒருநாள் பாந்த்ராவில் ஒரு காபிக் கடையிலிருந்து போட்டோ அனுப்பினாள். வாசலில் ஒரு கோத்ரெஜ் பிரைமா. மயில்நீலத்தில் பெயிண்ட் அடித்து, ரோலரில் விலைப்பட்டியல் சொருகியிருந்தார்கள். "சித்தி, தாத்தா பண்ணினதா இருக்குமா?" என்று கீழே கேட்டிருந்தாள்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயிண்ட் என்னை உறுத்தவில்லை. விசைகளுக்கு இடையிலும் பெயிண்ட் இறங்கி உறைந்திருந்தது. அதுதான் உறுத்தியது. எந்த விசையை அமுக்கினாலும் எழும்பாது.

*

அப்பா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து பம்பாய் வந்தபோது விக்ரோலி என்பது ரயில் நின்று கிளம்பும் ஓர் இடம், அவ்வளவுதான். ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் தானே கழிமுகம் வரை உப்பு நிலமும் அலையாத்திக் காடும். 1943-ல் ஏலத்துக்கு வந்த விக்ரோலி நிலத்தைப் பிரோஜ்ஷா கோத்ரெஜ் வாங்கியிருந்தார். பூட்டும் இரும்புப் பெட்டியும் லால்பாக்கில் செய்துகொண்டிருந்த கம்பெனி மெல்ல மெல்ல இங்கே குடிவந்தது. ஃபேக்டரி, குடியிருப்பு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதன் பின்னால் வந்தன. அந்த அலையாத்திக் காடு இன்னும் மிச்சம் இருப்பதற்கும் நிலம் ஒரே கையில் இருந்ததுதான் காரணம். பம்பாயில் வேறெங்கே கழிமுக ஓரத்தை விட்டு வைத்தார்கள்?

விக்ரோலிக்காரர்கள் பெருமையடிக்கத் தொடங்கினால் முதலில் வருவது டைப்ரைட்டர் இல்லை, ஓட்டுப்பெட்டி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-ல், பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் இரும்பு ஓட்டுப்பெட்டிகள் இங்கிருந்து சில மாதங்களுக்குள் செய்து போயின. வெளியே தனிப் பூட்டு மாட்டினால் விலை கட்டாது என்று, பூட்டைப் பெட்டிக்குள்ளேயே அடக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அப்பா சேர்வதற்கு முந்தைய கதை. ஆனாலும் தானே நின்று பூட்டியதுபோலத்தான் சொல்வார். தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் அதை முதல்முறை கேட்பதுபோல் கேட்டுக்கொள்வார்கள்.

டைப்ரைட்டர் 1955-ல் வந்தது. வெளிநாட்டுப் பாகங்களை வாங்கிப் பூட்டாமல் இங்கேயே செய்தது; எம்-9 என்று பெயர். அந்த வருஷம் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் அதைக் கொண்டுபோய்க் காட்டினார்கள் என்பார் அப்பா. சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட அதே மாநாடு. "சோஷலிசம் வந்துச்சோ இல்லியோ, டைப்ரைட்டர் வந்துச்சு" என்பது அவருடைய ஒரே அரசியல் ஜோக்.

அவர் அதில் செய்த வேலையை விளக்கினால் அக்கா மகள் கொட்டாவி விடுவாள். இங்கே சொல்லிவிடுகிறேன்.

மிஷினுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். அதில் விரல் நீளத்துக்கு மெல்லிய இரும்புக் கைகள் அரைவட்டமாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் அச்சு எழுத்தைப் பற்றவைத்திருப்பார்கள். விசையை அமுக்கினால் கை எழும்பி, ரிப்பனைத் தாளோடு அடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். எல்லாக் கைகளும் அடிக்க வேண்டியது ஒரே ஒரு புள்ளியில். பற்றவைக்கும்போது மயிரிழை சாய்ந்தாலும் தாளில் 'எ' ஒரு படி மேலே ஏறி நிற்கும். 'த' ஒருக்களித்துப் படுக்கும். ஓர் எழுத்தின் தலை கறுத்து, கால் வெளுத்துப் போகும். இந்தக் கைகளைக் குறடால் இத்தனூண்டு முறுக்கி, வளைத்து, அடித்துப் பார்த்து, மறுபடி வளைத்து நேராக்குவதுதான் அப்பா வேலை. அளவுகோல் கிடையாது என்று சொல்லவில்லை, இருந்தது. ஆனால் கடைசித் தீர்ப்பு கண்ணுடையதுதான். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வரியை ஓரத்திலிருந்து பார்ப்பார். எங்கள் மார்க் ஷீட்டையும் அப்படித்தான் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைப் படிப்பதற்கு முன் வரி நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்.

சோதித்துப் பார்த்துக் கழித்த தாள்கள் வீட்டுக்கு வரும். முன்பக்கம் வரிவரியாகப் பெரிய 'எச்'சும் சின்ன 'என்'னும். பின்பக்கத்தில் நாங்கள் கணக்குப் போடுவோம். தாகூர் நகர் ஹவுசிங் போர்டு வீட்டில் ரஃப் நோட்டு என்று காசு கொடுத்து நாங்கள் வாங்கியதே இல்லை.

ஹிந்தி, மராத்தி, குஜராத்தி என்று பல மொழி எழுத்துகளோடும் மிஷின் போட்டார்கள். தமிழும் உண்டு. தமிழ் மிஷின் வரிசையில் வரும் நாளில் அப்பாவை வேறு பெஞ்சிலிருந்தும் கூப்பிடுவார்களாம். பக்கத்தில் இருந்த மராத்திக்காரர்களும் கைதேர்ந்தவர்கள்தான்; ஆனால் 'ண'வுக்கும் 'ன'வுக்கும் எது சாய்வு, எது இயல்பான வளைவு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? புள்ளிதான் பெரிய தலைவலி என்பார். அகலமான 'ண' ஆனாலும் ஒல்லியான 'ர' ஆனாலும் மிஷின் ஒரே அளவு இடம்தான் கொடுக்கும். புள்ளி இரண்டுக்கும் நடுத்தலையில் உட்கார வேண்டும். 'ண்'ணுக்குச் சரியாக வைத்தால் 'ர்'ருக்குத் தொப்பி நழுவினதுபோல் இருக்கும்.

அப்பாவின் இந்தத் தலைவலிக்கு விதை போட்டவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூர் போன ஆர். முத்தையா. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க அவர் கண்ட வழி, நகராத விசை. சாதாரணமாக ஓர் எழுத்தை அடித்ததும் வண்டி ஓரடி தள்ளும். புள்ளியை அடித்தால் தள்ளாது. அதே இடத்தில் நிற்கும். அடுத்து 'க'வை அடித்தால் புள்ளிக்குக் கீழே போய் விழும். எழுதும்போது கடைசியில் வைக்கிற புள்ளியைத் தட்டும்போது முதலில் வைக்க வேண்டும். ஜெர்மனியில் செய்வித்து அவர் கொண்டுவந்த தமிழ் மிஷினுக்குப் 'பிஜோ' என்று பெயர். என்னைக் கேட்டால், தமிழில் வடிவமைப்பு என்று நாம் கொண்டாட வேண்டியது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாது, போட்டோ எடுக்க முடியாது. அதனால் யாரும் கொண்டாடுவதில்லை.

*

மாதுங்காவிலும் செம்பூரிலும் எங்கள் ஆட்கள் பிழைத்ததே டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கொண்டுதான். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஹையர் சர்டிபிகேட்டோடு ரயிலேறி, மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, மறுநாள் ஃபோர்ட்டில் ஒரு பார்சி ஆபீஸின் படியேறியவர்கள் எத்தனை பேர்! இதுவே பின்னால் வினையாகவும் வந்தது. 1966-ல் சிவசேனை தொடங்கிய காலத்தில் முதல் கோபம் தென்னிந்தியர்கள்மேல்தான். பால் தாக்கரேயின் 'மார்மிக்' பத்திரிகை கம்பெனி கம்பெனியாகத் தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டது. குமாஸ்தா, ஸ்டெனோ, டைப்பிஸ்ட் என்று அந்த வரிசையில் இருந்தவர்கள் பலரும் அப்பா நேராக்கிய எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள். அப்பாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. கையில் கிரீஸ் இருக்கிறவனை யாரும் எண்ணவில்லை என்பார். அவர் பெஞ்சில் இருந்த ரத்னகிரிக்காரர் அந்த வருஷமும் கணபதி மோதகத்தை வழக்கம்போல எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பதிலுக்கு அம்மா அனுப்பியது கொழுக்கட்டை. பண்டம் ஒன்றுதான், மாவு பிசைவதில்தான் வித்தியாசம்.

பத்தாவது முடித்ததும் என்னைச் செம்பூரில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தார்கள். நெருக்கடி நிலைக் காலம். ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று பெரியவர்கள் மெச்சிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முக்கியம் வேறு: டைப்பு கற்கப் போகிறேன் என்றால் பெண்பிள்ளை தனியாக விக்ரோலியில் ரயிலேறலாம், குர்லாவில் இறங்கி வண்டி மாறலாம், யாரும் கேட்கமாட்டார்கள். காலேஜுக்கு இத்தனை சலுகை கிடையாது.

அந்த இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டனும் ஃபேசிட்டும் கோத்ரெஜும் கலந்து கிடக்கும். ஃபேசிட் மெட்ராஸ் பெருங்குடியில் செய்தது. விசை வெண்ணெய்போல் இறங்கும், அதற்குத்தான் போட்டி. கோத்ரெஜ் முரடு. சுண்டுவிரலால் ஓரத்து விசையை அமுக்கினால் தோள்பட்டை வரை தெரியும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அஞ்சு கார்பன் வச்சு அடிச்சா கடைசித் தாள்லயும் எழுத்து விழணும்லா? ஃபேசிட்ல அடிச்சுப் பாரு" என்றார். பிற்பாடு பல்லார்டு எஸ்டேட்டில் கப்பல் சரக்குப் பட்டியல்களை நகலோடு நகலாக அடித்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. ஃபேசிட்டில் நாலாவது நகல் மேகம் மூடியதுபோல் இருக்கும். கோத்ரெஜில் ஐந்தாவதையும் சுங்க அதிகாரி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். பிறகு அந்த முரட்டுத்தனத்தை நான் குறை சொல்லவில்லை. விரல்தான் பழகிக்கொண்டது.

இங்கிலீஷ் போதும், வேலைக்கு அதுதான் வேண்டும். ஆனால் அந்த இன்ஸ்டிட்யூட் மூலையில் ஒரு தமிழ் மிஷினும் இருந்தது. தாராவியிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் அதில் உட்கார்ந்து 'யளனகபக' என்று அடித்துக்கொண்டிருப்பான். ஊருக்குத் திரும்பி சர்க்கார் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவன் வராத நாளில் நான் போய் உட்கார்வேன். யாரும் கேட்காத வேலை, பரீட்சையும் கிடையாது. புள்ளியை முதலில் அடித்து, மேலே அண்ணாந்து நிற்கும் அந்தத் தனிப் புள்ளிக்குக் கீழே எழுத்து வந்து சேர்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம்.

பம்பாயின் டைப்ரைட்டரைச் சினிமா மறக்கவில்லை. மெர்ச்சன்ட் ஐவரி கூட்டணி 1970-ல் எடுத்த 'பாம்பே டாக்கி' படத்தில் மாடி உயரத்துக்கு ஒரு டைப்ரைட்டர் செட் போட்டு, அதன் விசைகள் மேல் ஹெலனும் சசி கபூரும் ஆடுவார்கள். அக்கா மகள் இதையும் அனுப்பினாள். அமெரிக்கப் படம் ஒன்றில் அந்தப் பாட்டை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்களாம். நான் பார்த்து ரசித்தேன். அதில் ஒரே குறை, ஆடுகிறவர்கள் விசையில் குதித்தும் எந்தக் கையும் எழும்பவில்லை. அப்பா பார்த்திருந்தால் செட் போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்.

*

கம்ப்யூட்டர் எங்கள் ஆபீஸுக்கு வந்த கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை. எல்லா ஆபீஸுக்கும் வந்தது, எங்களுக்கும் வந்தது. கீ-போர்டு மெத்தென்றிருந்தது. என் விரல் போட்ட அடிக்கு ஒரே எழுத்து ஐந்தாறு தடவை விழும். புதிதாகச் சேர்ந்த பையன்கள் சிரிப்பார்கள். அப்பா ரிட்டயர் ஆன பிறகு டைப்ரைட்டர் வேலை விக்ரோலியை விட்டுச் சாதாரா பக்கம் ஷிர்வலுக்குப் போனது.

2011 ஏப்ரலில் உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் ஒரு செய்தி போட்டன: உலகின் கடைசி டைப்ரைட்டர் ஃபேக்டரி மூடப்பட்டது, அது பம்பாய்க் கோத்ரெஜ் என்று. முழு உண்மை இல்லை. வேறு நாடுகளில் இன்னும் செய்துகொண்டிருந்தார்கள். கோத்ரெஜே 2009-லேயே உற்பத்தியை நிறுத்தியிருந்தது. அதுவரையிலும் வருஷத்துக்குப் பத்து பன்னிரண்டாயிரம் மிஷின் போயிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கிடங்கில் மிச்சமிருந்தவற்றில் பெரும்பாலும் அரபு எழுத்து மிஷின்கள். விக்ரோலியில் தொடங்கிய சமாசாரம் வலமிருந்து இடமாக எழுதும் மிஷின்களோடு முடிந்திருக்கிறது.

அதற்குப் பின் அந்தப் பழைய மிஷின்கள் இரண்டு வழியாகப் போயின. ஆபீஸ்கள் எடைக்குப் போட்டவை தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டு மாதிரி இடங்களில் உடைபட்டு இரும்போடு இரும்பாகச் சேர்ந்தன. சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டுக்குப் போனவை பெயிண்ட் அடித்துக்கொண்டு காபிக் கடைகளுக்கு வந்தன. விசைகளை மட்டும் நறுக்கிக் கம்மலும் மோதிரமும் செய்கிறார்கள். அக்கா மகளிடம் ஒரு ஜோடி கம்மல் இருக்கிறது, 'கே' ஒரு காதில், 'எஸ்' இன்னொரு காதில். அவளுடைய எழுத்துகளே. நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

கோத்ரெஜ்காரர்களே விக்ரோலியில் 2006-லிருந்து ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறார்கள். இந்திய டைப்ரைட்டரின் கதையை 2016-ல் தடித்த புத்தகமாகவும் போட்டார்கள், சித்தார்த் பாட்டியா தொகுத்தது, சிரோதீப் சௌத்ரி எடுத்த படங்களோடு. கோர்ட்டு வாசல் டைப்பிஸ்ட்டுகள், ரிப்பேர்க்காரர்கள் என்று வேலை செய்கிற மனிதர்களும் அதில் இருக்கிறார்கள் என்பதால் அந்தப் புத்தகத்தை மதிக்கிறேன். மிஷினைத் தனியாக நிறுத்தி வெளிச்சம் போட்டு எடுக்கிற படங்களைப் பார்த்தால் எனக்குப் பசிக்காதவனின் தட்டு ஞாபகம்தான் வரும்.

மகாராஷ்டிராவில் 2017-ல் மிஷினில் டைப்பிங் பரீட்சை எழுதுவதை முடித்துக்கொண்டார்கள், இப்போது கம்ப்யூட்டரில். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை தொழில்நுட்பக் கல்வித் துறை பரீட்சை நடத்துகிறது. இன்ஸ்டிட்யூட்காரர்கள் மிஷின்களை வேனில் ஏற்றிப் பாலிடெக்னிக்குகளுக்குக் கொண்டுபோகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. வேலைக்கு லோயர், ஹையர் இன்னும் கேட்கிறார்கள் என்பதால் கிராமத்துப் பிள்ளைகள் காலையில் ஒரு பேட்ச், மாலையில் ஒரு பேட்ச் என்று போய்த் தட்டுகிறார்கள். இது பழமை என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. எனக்கும் அதில் பெரிய நியாயம் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் செய்யப்போகும் வேலைக்கு இரும்பில் ஏன் பரீட்சை? ஆனால் அதனால்தான் தென்காசியிலும் அம்பாசமுத்திரத்திலும் இன்னும் நாலு மெக்கானிக்குகளுக்குப் பிழைப்பு ஓடுகிறது, நாலு கோத்ரெஜ்களுக்கு உயிர் இருக்கிறது.

தம்பி மகள் தென்காசியில் ஹையருக்குப் படிக்கிறாள். போன வாரம் போன் பண்ணினாள்.

"அத்தை, புள்ளி சரியா விழமாட்டேங்கு. ஓரமா விழுது. சார் என் வெரலத்தான் குத்தம் சொல்லுதாரு."

"என்ன மிஷினு?"

"கோத்ரெஜ்."

"எல்லா எழுத்துக்கும் ஓரமா விழுதா, ஒண்ணு ரெண்டுக்கு மட்டுமா?"

அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் இடப்பக்கமாக விழுகிறதாம். அப்படியானால் விரல் இல்லை, கைதான் சாய்ந்திருக்கிறது. ரிப்பேர்க்காரர் வந்தால் புள்ளி விசையின் கையை வலப்பக்கமாகக் கொஞ்சம் முறுக்கச் சொல், குறடால் ஒரேயடியாக இழுக்க விடாதே, அடித்துப் பார்த்து அடித்துப் பார்த்து வளைக்கச் சொல் என்றேன். பரீட்சைக்கு எந்த மிஷின் வரும் என்று கேட்டேன். இதே மிஷினைத்தான் வேனில் ஏற்றுவார்களாம். அப்படியென்றால் வேன் இறங்கினதும் இன்னொரு தடவை பார்க்கச் சொல், குலுக்கலில் மறுபடி சாயும் என்றேன்.